சால்ட் ஸ்பிரிங் தீவுக்குக் குடிபோகலாமா? அக்கா குடும்பத்தின் ஓராண்டு: ஒரு நிகழ்வு ஆய்வு

போன ஆண்டு பிப்ரவரியில் அக்கா போன் செய்தாள். "தம்பி, ஒரு வீடு பாத்துருக்கோம். நீ வந்து பாத்துட்டுச் சொல்லு. உன் மச்சானுக்கு அரை மனசுதான்." வீடு வாங்குவோருக்காகக் கூரை, அஸ்திவாரம், ஒயரிங், கிணறு எல்லாம் சோதித்து அறிக்கை கொடுப்பது என் தொழில். அதனால் சொந்தக்காரர்களிடமிருந்து இப்படி அழைப்பு வருவது சகஜம். அந்த வீடு இருந்த இடம்தான் புதிது. சால்ட் ஸ்பிரிங் தீவு.

கனடாவின் மேற்குக் கரையில், வான்கூவர் தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவில் கிடக்கும் வளைகுடாத் தீவுகளில் மக்கள் அதிகம் வாழ்வது இங்கேதான். பரப்பு சுமார் 180 சதுர கிலோமீட்டர். 2016 கணக்கெடுப்பில் 10,557 பேர் இருந்தார்கள், 2021இல் 11,635 பேர். பாலம் கிடையாது. ஃபெரியில் போக வேண்டும், இல்லாவிட்டால் கடல் விமானத்தில். ஓவியர்கள், குயவர்கள், நெசவு செய்பவர்கள், மரவேலைக்காரர்கள் என்று கைத்தொழில் தெரிந்தவர்கள் அறுபதுகளிலிருந்தே வந்து சேர்ந்த ஊர். பறவைகளையும் விலங்குகளையும் வரைந்து உலகப் புகழ் பெற்ற ராபர்ட் பேட்மன் வாழும் தீவும் இதுதான்.

அக்காவுக்கு வயது 57, மச்சானுக்கு 61. வான்கூவர் நகரத்துக்கு அருகிலுள்ள சர்ரேயில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறார்கள். நாங்கள் பிறந்து வளர்ந்தது மானாமதுரை. குயவர் வீட்டுச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்கூடம் போனவள் அக்கா. ஆனால் மண்ணில் கை வைத்தது நாற்பது வயதுக்கு மேல், சர்ரேயில் ஒரு சமூகக் கூடத்து மாலை வகுப்பில். இப்போது கராஜில் சக்கரமும் மின்சூளையும் வைத்திருக்கிறாள். மச்சான் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன். மூன்று வருடத்துக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள், அதிலிருந்து வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. பையன் டொராண்டோவில் இருக்கிறான். அக்காவின் ஆசைக்கு ஒரே காரணம், சுற்றிலும் கைத்தொழில் செய்பவர்கள் இருக்கும் ஊரில் மீதி நாளைக் கழிக்க வேண்டும். மச்சான் கேட்டதும் ஒரே கேள்விதான்: "நெஞ்சு வலிச்சா எங்க போறது?"

தீவின் முக்கிய ஊரின் பெயர் கேஞ்சஸ். நம் கங்கையேதான். ராயல் நேவியின் பசிபிக் படைக்குத் தலைமைக் கப்பலாக இங்கே வந்த கேஞ்சஸ் என்ற போர்க்கப்பலின் பெயரை ஊருக்கு வைத்தார்கள். அந்தக் கப்பல் 1821இல் பம்பாய் கப்பல்கட்டும் தளத்தில் தேக்கு மரத்தால் செய்யப்பட்டது. அந்த ஊரில் இருக்கும் ஒரே மருத்துவமனை லேடி மின்டோ. 1898 முதல் 1904 வரை கனடாவின் கவர்னர் ஜெனரலாக இருந்துவிட்டு, 1905இல் இந்தியாவுக்கு வைஸ்ராயாக வந்த மின்டோ பிரபுவின் மனைவி பெயர். இதையெல்லாம் முதல் பயணத்தில் படகில் வைத்து மச்சானிடம் சொன்னேன். கப்பலையும் தேக்கையும் ரசித்துக் கேட்டார். மருத்துவமனை என்றதும், "பேரு இருக்கட்டும், அங்க ஆஞ்சியோ பண்ணுவாங்களா?" என்றார். பண்ண மாட்டார்கள். இருபத்து நான்கு மணி நேர அவசரச் சிகிச்சை உண்டு, அதற்கு மேல் தேவைப்பட்டால் விக்டோரியாவுக்கோ வான்கூவருக்கோ அனுப்புவார்கள், ராத்திரியில் என்றால் ஹெலிகாப்டரில். அந்தப் பதிலை அவர் அப்படியே மனதில் வைத்துக்கொண்டார்.

முதல் வீடு

வீடு அழகாகத்தான் இருந்தது. தீவின் தெற்குப் பக்கம், ஃபுல்ஃபோர்ட் துறைமுகத்துக்கு மேலே சரிவில், தேவதாரு மரங்களுக்கு நடுவே. தனியாக ஒரு கொட்டகை, அதில் சூளை வைக்க இடம். அக்கா கொட்டகைக்குள் போய் நின்றவள் வெளியே வர அரை மணி நேரம் ஆனது.

நான் பார்த்தது கிணற்றை. விற்பனைத் தாளில் நிமிடத்துக்கு மூன்று கேலன் என்று போட்டிருந்தது. எப்போது அளந்தீர்கள் என்று கேட்டேன். ஜனவரியில் என்றார் வீட்டு முகவர். இந்தத் தீவுகளுக்கு மழை அக்டோபரிலிருந்து மார்ச் வரைக்கும்தான். வான்கூவர் தீவின் மலைகளும் ஒலிம்பிக் மலைத்தொடரும் மேகத்தை மறித்துவிடுவதால் ஜூலை, ஆகஸ்டில் மண் பொரிந்து கிடக்கும். ஆறு கிடையாது. பனிமலையிலிருந்து உருகி வரும் நீரும் கிடையாது. பாறை இடுக்கில் மழைநீர் இறங்கித் தங்கினால்தான் கிணற்றில் தண்ணீர். ஐப்பசியில் மட்டும் வைகையைப் பார்த்தவர் அது வருடம் முழுக்க ஓடும் ஆறு என்று நினைத்துக்கொள்வார். அதே கதைதான் ஜனவரி அளவும். கிணறு தோண்டியபோது எழுதிய பதிவைக் கேட்டு வாங்கினோம். ஒரு செப்டம்பரில் தோண்டியிருக்கிறார்கள், நிமிடத்துக்கு அரை கேலன்.

அரை கேலனில் குடும்பம் நடத்தலாம். பெரிய தொட்டி வைத்து இரவெல்லாம் ஊற விட்டுச் சேர்த்துக்கொண்டால் இருவருக்குப் போதும். ஆனால் அந்தப் பழைய அளவு இன்றைக்கும் நிற்குமா என்று தெரியவில்லை. அதோடு கடலுக்குப் பக்கத்துக் கிணற்றில் அதிகம் இறைத்தால் உப்பு ஏறும், ஒருமுறை ஏறினால் எளிதில் இறங்காது. கிணறு வேண்டாம், குழாய் நீர் வாங்கிக்கொள்வோம் என்றால் அதற்கும் வழி குறைவு. தீவின் பெரிய குடிநீர் அமைப்பான நார்த் சால்ட் ஸ்பிரிங் வாட்டர்வொர்க்ஸ், செயின்ட் மேரி ஏரியையும் மேக்ஸ்வெல் ஏரியையும் நம்பி இருப்பது. 2014இல் புதிய இணைப்புகளையே நிறுத்தி வைத்தார்கள்.

செப்டம்பர்வரை பொறுத்து மறுபடி அளந்து பார்க்கலாமா என்று கேட்டோம். வேறு ஆட்கள் தயாராக இருக்கிறார்கள் என்று பதில் வந்தது. அக்கா இரண்டு நாள் பேசவில்லை. அப்புறம் தானே போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

ஏன் இவ்வளவு தட்டுப்பாடு?

அழகான தீவு, பணக்காரர்கள் வந்துவிட்டார்கள், விலை ஏறிவிட்டது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். அது பாதிதான். மீதிக் கதைக்கு 1969க்குப் போக வேண்டும். பக்கத்துப் பெண்டர் தீவில் மேஜிக் லேக் எஸ்டேட்ஸ் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட மனைகளைப் போட்டு விற்கத் தொடங்கியதும், இப்படியே விட்டால் எல்லாத் தீவும் நகரத்தின் புறநகராகிவிடும் என்று மாகாண அரசு பயந்தது. வளைகுடாத் தீவுகளில் புதிதாகப் பிரிக்கும் மனை பத்து ஏக்கருக்குக் குறையக் கூடாது என்று 1969இல் தடுத்து நிறுத்தியது. 1974இல் தனிச் சட்டம் போட்டு ஐலண்ட்ஸ் டிரஸ்ட்டை உருவாக்கியது. பதின்மூன்று பெரிய தீவுகளும் நானூற்றைம்பதுக்கு மேற்பட்ட சிறு தீவுகளும் அதன் பொறுப்பு. 'காப்பதும் பேணுவதும்' அதன் சட்டக் கடமை. எங்கே எத்தனை வீடு கட்டலாம் என்று முடிவு செய்வது அதுதான்.

தீவுக்காரர்களும் அந்தக் கடமையைத் தங்கள் கடமையாகவே எடுத்துக்கொண்டவர்கள். 1999இல் ஒரு நில நிறுவனம் பர்கோய்ன் விரிகுடாவைச் சுற்றி, தீவின் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கை வாங்கி மரம் வெட்டத் தொடங்கியபோது ஊரே தெருவுக்கு வந்தது. நிதி திரட்டத் தீவுப் பெண்கள் உடையில்லாமல் போஸ் கொடுத்து ஒரு காலண்டர் போட்டார்கள். 2001இல் அந்த நிலத்தில் பெரும்பகுதி பொதுச் சொத்தானது. இன்று அங்கே மாகாணப் பூங்கா இருக்கிறது. அக்கா அங்கே பார்த்து மயங்கிப்போன மலைச்சரிவு இப்படிக் காப்பாற்றப்பட்டதுதான். நகராட்சியாக மாறலாமா என்று 2002இலும் 2017இலும் வாக்கெடுப்பு வைத்தார்கள். இரண்டு முறையும் வேண்டாம் என்றே தீர்ப்பு.

ஆக, காட்டைக் காத்த சட்டமே வீட்டையும் அரிதாக்கியது. எதைப் பார்த்து அங்கே வாழ ஆசைப்படுகிறோமோ, அதுதான் அடுத்தவர் வருவதைத் தடுக்கிறது. இதற்காக நான் யாரையும் குறை சொல்ல மாட்டேன். அந்தச் சட்டம் இல்லாவிட்டால் போய்ப் பார்க்க எதுவும் இருந்திருக்காது. ஆனால் குடியேற யோசிப்பவர், 'எனக்கு இந்த ஊர் பிடிக்குமா' என்ற கேள்வியோடு நின்றுவிடக் கூடாது என்பதை நான் கற்றுக்கொண்டது இங்கேதான். யாருக்குக் கிடைக்க வேண்டிய கூரையின் கீழ் நான் படுக்கப் போகிறேன்? இந்தத் தீவுக்கு இல்லாத எது என் கையில் இருக்கிறது? இந்த இரண்டையும் கேட்டுக்கொண்டே ஆக வேண்டும்.

ரொட்டிக்காரப் பெண்

ஏப்ரலில் கேஞ்சஸ் சென்டென்னியல் பூங்காவில் சனிக்கிழமைச் சந்தை தொடங்கியதும் மூவரும் போனோம். நூற்றுக்கும் மேல் கடைகள். அங்கே ஒரு விதி உண்டு: விற்பவர் தானே செய்ததாக, சுட்டதாக, விளைவித்ததாக இருக்க வேண்டும். வாங்கி விற்க முடியாது. கோப்பையை நீட்டும் கையில் களிமண் ஒட்டியிருக்கும். அக்கா ஒவ்வொரு குயவர் கடையிலும் நின்று, எந்தச் சூட்டில் சுடுகிறார்கள், மெருகுப் பூச்சை எங்கே வாங்குகிறார்கள் என்று கேட்டுக்கொண்டே வந்தாள். எட்டாவது கடையில் அவள் குரல் கொஞ்சம் இறங்கியதைக் கவனித்தேன். அவ்வளவு பேர் இருந்தார்கள், அவ்வளவு நன்றாகவும் செய்திருந்தார்கள்.

அங்கேதான் ரொட்டி விற்கும் ஒரு பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தோம். முப்பது வயதிருக்கும். தீவில் ஏழு வருடமாக இருக்கிறாளாம். எங்கே தங்கியிருக்கிறாய் என்று அக்கா கேட்டதற்கு, "மே மாசம் வரைக்கும் வீடு, அதுக்கப்புறம் வேன்" என்றாள். கோடைக்கு மட்டும் வந்து போகும் உரிமையாளர்கள் செப்டம்பரிலிருந்து மே வரை வாடகைக்கு விடுவார்கள். வெயில் வந்ததும் தாங்கள் வருவார்கள், இல்லை சுற்றுலாப் பயணிகளுக்கு விடுவார்கள். வாடகைக்கு இருந்தவர்கள் வேனிலோ படகிலோ நண்பர் தோட்டத்துக் கூடாரத்திலோ கோடையை ஓட்ட வேண்டும். ஏழு வருடத்தில் ஒன்பது இடம் மாறியிருக்கிறாள். மருத்துவமனை ஊழியர்களுக்கும் இதே கதி என்பதால், லேடி மின்டோ மருத்துவமனையின் அறக்கட்டளை அவர்கள் தங்குவதற்காக ஒரு விடுதியையே வாங்கியிருக்கிறது.

திரும்பும்போது படகுத்துறையில் காரை வரிசையில் விட்டு உட்கார்ந்திருந்தோம். முதல் படகு எங்களுக்கு முன்னால் நான்கு கார் இருக்கும்போதே நிறைந்துவிட்டது. அக்கா நெடுநேரம் கழித்து, "நாம ஒரு குளிர்காலத்துக்கு வாடகைக்கு இருந்து பாப்போம்னு சொன்னேல்ல, அப்ப அந்தப் பொண்ணுக்குக் கெடைக்க வேண்டிய வீட்டைத்தான நாம எடுப்போம்?" என்று கேட்டாள். நானும் மச்சானும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் சொன்னது சரி.

ஒரு குளிர்காலம்

வழி கிடைத்தது எதிர்பாராமல். எண்பதை நெருங்கும் ஒரு குயவர் அம்மா, தீவின் வடக்கே பெரிய வீட்டில் தனியாக இருக்கிறார். மூட்டுவாதத்தால் விரல் மடங்காது. சக்கரம், எரிவாயுச் சூளை எல்லாம் மூன்று வருடமாகத் துணி மூடிக் கிடந்தன. அந்நியரை வீட்டுக்குள் விடப் பயந்து யாருக்கும் வாடகைக்குக் கொடுத்ததில்லை. அக்கா சந்தையில் அவருடைய பழைய கிண்ணம் ஒன்றைக் கண்டுபிடித்து, யார் செய்தது என்று விசாரித்துப் போய்ப் பார்த்ததில் பழக்கமானது. அக்டோபர் முதல் மார்ச் வரை மாடியில் ஓர் அறை, பட்டறை, மாத வாடகை, விறகு வெட்டி அடுக்குவது மச்சான் பொறுப்பு என்று பேசி முடித்தார்கள். சந்தைக்கு வராத ஓர் அறை என்பதால் அக்காவின் மனது ஆறியது.

அந்த ஆறு மாதம் கற்றுக்கொடுத்ததை எந்த அறிக்கையிலும் நான் எழுதியிருக்க முடியாது.

களிமண் மலிவுதான், ஆனால் இருபது கிலோ பெட்டி ஒவ்வொன்றும் படகேறி வர வேண்டும். படகுச் செலவைச் சேர்த்தால் ஒரு கோப்பைக்கு ஆகும் செலவு சர்ரேயில் ஆவதைவிடக் கணிசமாகக் கூடியது. அதேபோல வாங்குபவரும் படகேறித்தான் வர வேண்டும், அவர்கள் வருவது கோடையில். குளிர்காலத்தில் அக்கா எப்போதையும்விட அதிகம் செய்தாள், எப்போதையும்விடக் குறைவாக விற்றாள். ஆனால் குயவர் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, விரல் மடங்காவிட்டாலும் வாயால் சொல்லிக்கொடுத்த மெருகுப் பூச்சு வேலைக்கு விலையே இல்லை என்கிறாள். வாரம் ஒருநாள் நான்கைந்து குயவர்கள் வந்து ஒருவர் வேலையை ஒருவர் பிட்டுப் பிட்டு விமர்சிப்பார்கள். சர்ரேயில் அவள் செய்ததை எல்லாரும் 'அழகா இருக்கு' என்று மட்டும்தான் சொன்னார்களாம்.

தமிழ் பேச ஆளில்லாதது அவளை எதிர்பார்த்ததைவிட அதிகம் வாட்டியது. பொங்கலன்று அவளே செய்த பானையில் பொங்கல் வைத்துவிட்டு எனக்கு வீடியோவில் காட்டி அழுதாள். தீவுக்காரர்கள் அன்பானவர்கள்தான். ஆனால் வெள்ளையர் அல்லாதவர்கள் இந்தத் தீவுக்குப் புதியவர்கள் என்று யாராவது நினைத்தால் அது தவறு என்பதைக் குயவர் அம்மாதான் அவளுக்குச் சொன்னார். ஆதிக்குடிகள் ஆயிரமாயிரம் ஆண்டுகளாக வாழ்ந்த மண். 1859இல் குடியேற்றம் தொடங்கியபோது முதலில் வந்தவர்களில், கலிபோர்னியாவின் இனப்பாகுபாட்டிலிருந்து தப்பி வந்த கறுப்பினத்தவர் கணிசம். அடிமையாகப் பிறந்த சில்வியா ஸ்டார்க் 1860இல் இங்கே வந்து பழத்தோட்டம் போட்டு, நூறு வயதைக் கடந்து 1944இல் இங்கேயே இறந்தார். 1942இல் ஜப்பானியக் கனடியர்களைத் தீவிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனார்கள். போர் முடிந்தபின் ஒரே ஒரு குடும்பம்தான் திரும்பி வந்தது. இதைக் கேட்டபிறகு ஊரைப் பார்க்கும் பார்வையே மாறியது என்றாள் அக்கா.

டிசம்பரில் ஒரு புயல். அந்தத் தீவில் காற்றடித்தால் மரம் விழும், மரம் விழுந்தால் கம்பி அறும். 2018 டிசம்பர் 20ஆம் தேதிப் புயலில் பல வீடுகளில் கிறிஸ்துமஸ் தாண்டியும் கரண்ட் வரவில்லை. இந்த முறை நான்கு நாள். கரண்ட் போனால் கிணற்று மோட்டார் ஓடாது, தண்ணீர் கிடையாது. மச்சான் முதல் நாளே குயவர் அம்மா வீட்டு ஜெனரேட்டரை ஒழுங்காக இணைத்துக் கொடுத்தார். அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்டார். அப்புறம் அவர் நண்பர். பொங்கலுக்குள் மச்சானுடைய நோட்டில் பதினெட்டு வீட்டு வேலை எழுதியிருந்தது. பழைய பேனல் மாற்ற வேண்டும், சூளைக்குத் தனி ஒயர் இழுக்க வேண்டும் என்று எட்டு மாதமாக ஆள் கிடைக்காமல் காத்திருந்தவர்கள்.

எங்கள் கணக்கு மொத்தமாகத் தலைகீழானது அப்போதுதான். கலைஞர்கள் ஊர் என்று அக்காவின் தொழிலை வைத்தே எல்லாம் யோசித்திருந்தோம். ஆனால் கலைஞர்கள் அங்கே ஏற்கெனவே நிறைய. அந்த ஊருக்கு இல்லாதது எலக்ட்ரீஷியன், பிளம்பர், செவிலியர், முதியோரைப் பார்த்துக்கொள்பவர். அரை மனதோடு வந்த மச்சானைத்தான் ஊர் கையைப் பிடித்து இழுத்தது.

அவருடைய கேள்விக்கும் ஜனவரியில் பதில் வந்தது. இரவு பதினொன்றுக்கு மார்பில் பாரம். ஆம்புலன்ஸ் வந்தது, லேடி மின்டோவில் ஈசிஜி, ரத்தப் பரிசோதனை, காலைவரை கண்காணிப்பு. இதயத்தில் பிரச்சினை இல்லை, விறகு தூக்கியதில் தசை பிடித்திருக்கிறது என்றார்கள். விடிந்தபோது வரவேற்பறையில் அவர் ஒயரிங் செய்து கொடுத்த மூன்று வீட்டுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். "சர்ரேயில எதிர்வீட்டுக்காரர் பேரு எனக்குத் தெரியாது" என்று மட்டும் என்னிடம் சொன்னார். ஆனால் நான் ஒன்றை அழுத்திச் சொன்னேன்: அது நிஜமான மாரடைப்பாக இருந்து, அன்று ஹெலிகாப்டர் இறங்க முடியாத மூடுபனியாகவும் இருந்திருந்தால்? அந்த ஆபத்து அப்படியேதான் இருக்கிறது. வந்து உட்கார்ந்த அன்பால் அது குறையவில்லை. அவரும் ஒத்துக்கொண்டார். இதய மருத்துவரிடம் பேசி, எந்த அறிகுறிக்கு எத்தனை நிமிடத்தில் யாரைக் கூப்பிட வேண்டும் என்று எழுதி வாங்கி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறார்.

எடுத்த முடிவு

வீடு வாங்கவில்லை. இரண்டு வருடத்துக்கு அந்தப் பேச்சே இல்லை. சர்ரே வீட்டை விற்காமல் வாடகைக்கு விட்டிருக்கிறார்கள், உடம்புக்கு ஏதாவது என்றால் திரும்ப ஓர் இடம் வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். குயவர் அம்மாவின் மாடியில் வருடம் முழுவதும் தங்குகிறார்கள். மச்சான் வாரம் மூன்று நாள் தீவிலேயே வேலை பார்க்கிறார். அக்கா இந்தக் கோடையில் சந்தையில் கடை போட்டாள். எட்டு வாரத்தில் விற்றது சர்ரேயில் ஒரு வருடம் விற்றதைவிடக் கொஞ்சம் அதிகம்.

குயவர் அம்மா வீட்டுக் கீழ்த்தளத்தைத் தனிக் குடியிருப்பாக மாற்ற அனுமதி கேட்டிருக்கிறார்கள். கிடைத்தால் அந்த ரொட்டிக்காரப் பெண்ணுக்கு, ஜூனில் காலி செய்யச் சொல்லாத ஒப்பந்தத்தோடு. ஒயரிங் மச்சான் செய்கிறார். செப்டிக் டேங்க் இன்னும் ஓர் ஆளைத் தாங்கும் என்று காட்டிவிட்டோம். கோடையின் கடைசியில் கிணறு எவ்வளவு தரும் என்று காட்டுவதுதான் மிச்சம். அந்தப் பெண் இந்தக் கோடையும் வேனில்தான் இருந்தாள்.

செப்டம்பர் முதல் வாரம் கிணற்றை அளக்கப் போனேன். குயவர் அம்மா அலமாரியிலிருந்து ஒரு நீல அட்டை நோட்டை எடுத்துவந்தார். 1987 முதல் ஒவ்வொரு செப்டம்பரும் கயிற்றில் ஈயக் கட்டி போட்டு அளந்து, நீர்மட்டத்தை அடிக்கணக்கில் எழுதி வைத்திருக்கிறார். என் தொழிலில் இப்படி ஓர் ஆவணத்தை நான் கையில் வாங்கியதில்லை. கடைசி மூன்று வருடம் மட்டும் காலியாக இருந்தது. கயிற்றை விரல் பிடிக்கவில்லை என்றார்.

அக்கா கயிற்றை இறக்கினாள். நான் டார்ச் பிடித்தேன். நாற்பத்தொரு அடி என்று எழுதி, பக்கத்தில் தேதி போட்டாள்.